கனகாம்பரம்: விதை முதல் பூங்கதிர் வரை முழுமையான வளர்ப்பு வழிகாட்டி

நேற்று வரை பூத்துக்கொண்டிருந்த கனகாம்பரம் இன்று காலை தலை தொங்கி நிற்கும். மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கும். வெயிலுக்கு வாடிவிட்டது போலிருக்கிறது என்று இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுவோம். நாலைந்து நாளில் செடி போய்விடும்.

நான் வளர்த்த முதல் இரண்டு செடிகளும் அப்படித்தான் போயின. மூன்றாவது வாடியபோது பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பேறிக் கிடந்தன. விரலால் இழுத்ததும் வேரின் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது. இந்தச் செடியின் நல்லதும் கெட்டதும் மண்ணுக்குக் கீழேதான் தொடங்குகின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால் இடம், மண், தண்ணீர், உரம் என்று எதைப் பற்றிச் சொன்னாலும் வேரை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

செடியைப் பற்றிக் கொஞ்சம்

கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. தாவரவியல் பெயர் கிராசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ். முன்பாதி, குஞ்சம் கட்டியது போன்ற மகரந்தப் பைகளைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. பின்பாதிக்கு லத்தீனில் புனல் வடிவம் என்று பொருள். ஒரு பூவைப் பறித்துப் பார்த்தால் மெல்லிய குழலும், அதன் முனையில் ஒரு பக்கமாக விசிறிபோல விரியும் ஐந்து மடல்களும் தெரியும். டிசம்பர் பூ, ஆடாதொடை, நிலவேம்பு ஆகியவை இருக்கும் அகாந்தேசியே குடும்பம்தான் இதற்கும்.

தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகம். வெப்பம் இதற்குப் பிடிக்கும், ஆனால் நாளெல்லாம் கொளுத்தும் வெயிலும் ஈரமே இல்லாத காற்றும் பிடிக்காது. இரண்டு, மூன்று அடி உயரம் வரை வளரும் சிறு புதர். இலைக் கக்கத்திலிருந்தும் கிளை நுனியிலிருந்தும் நீளக் காம்போடு பச்சைக் கதிர் எழும். அந்தக் கதிரில் அடுக்கடுக்காக இருக்கும் பச்சை மடல்களின் இடுக்கிலிருந்து, கீழிருந்து மேலாகப் பூக்கள் விரியும். ஒரு கதிர் முழுவதும் பூத்து முடிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். வாசனை கிடையாது. பறித்த பிறகும் சட்டென வாடாது என்பதும், குளிரும் கனமழையும் இல்லாத காலம் முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும் என்பதும் இதன் சிறப்பு.

எந்த ரகம் வாங்குவது

பரவலாகக் கிடைப்பது ஆரஞ்சு நிறம். மஞ்சளிலும் சிவப்பிலும் ரகங்கள் உண்டு. 'டெல்லி கனகாம்பரம்' என்று கேட்டால் அடர்ந்த ஆரஞ்சில், சற்றுப் பெரிய பூக்களோடு ஒரு செடி தருவார்கள். இது மும்மடிய ரகம். அதாவது இதன் குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக இருக்கும். அதனால் விதை பிடிக்காது, தண்டுக்குச்சி வைத்துத்தான் பெருக்க முடியும். டெல்லி கனகாம்பர விதை என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்க வேண்டாம். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் அர்கா அம்பரா, அர்கா கனகா போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

முதல்முறை வளர்ப்பவருக்கு என் யோசனை: சாதாரண ஆரஞ்சு ரகத்தில் தொடங்குங்கள். விதையும் கிடைக்கும், குச்சியும் எடுக்கலாம். ஒன்று போனாலும் கையில் இன்னொன்று இருக்கும்.

செடியாக வாங்கினால் பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பையின் அடி ஓட்டையைப் பாருங்கள். அங்கே வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்த்தால் நல்ல செடி. கறுத்த வேரும் புளித்த மண் வாடையும் இருந்தால், மேலே பத்துக் கதிர் நின்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 1: இடம்

காலை வெயில் நான்கு, ஐந்து மணி நேரமும், உச்சி வெயிலுக்குப் பிறகு சல்லடை நிழலும் கிடைக்கும் இடம் உத்தமம். கிழக்குப் பார்த்த பால்கனி, மொட்டை மாடியில் நிழல்வலையின் கீழ்ப்பகுதி, உயர்ந்த மரத்தின் ஓரம் எல்லாம் பொருந்தும். நாள் முழுக்க வெயில் விழுந்தாலும் சாகாது. ஆனால் பூவின் நிறம் வெளுக்கும், இலை மஞ்சளாகும், தொட்டி மண் சூடேறி மேல்வேர்கள் கருகும். முழு நிழலில் இலை மட்டும் கரும்பச்சையாகப் பெரிதாகும்; தண்டு நீண்டு சாயும், கதிர் வராது.

குளிர்தான் இதற்கு எதிரி. வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், உறைபனியைத் தாங்கவே தாங்காது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் தொட்டியில் வைத்து, பருவம் மாறும்போது ஜன்னலோரம் உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் காற்று வறண்டிருக்கும். கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பிய தட்டின் மேல் தொட்டியை வைத்தால் செடியைச் சுற்றிக் கொஞ்சம் ஈரப்பதம் கிடைக்கும். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது.

படி 2: மண்

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாப் படியும் வீண். கனகாம்பரத்தின் வேர் மெல்லியது. அதற்கு ஈரமும் காற்றும் ஒரே நேரத்தில் வேண்டும். தண்ணீர் ஊற்றியதும் மேலே குளம்போல் நின்று மெல்ல இறங்கும் மண்ணில் அந்த வேர் மூச்சுத் திணறிச் சாகும்.

தொட்டிக்கு நான் கலக்கும் அளவு இது. தோட்டத்துச் செம்மண் 2 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு, கரடுமுரடான மணல் அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) 1 பங்கு. 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். நார்க்கழிவைக் கட்டாயம் இரண்டு, மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். அதில் தங்கியிருக்கும் உப்பு இலை ஓரங்களைக் கருக்கும். களிமண்தான் கிடைக்கிறது என்றால் மணலைக் கூட்டுவதைவிட மக்கிய உரத்தைக் கூட்டுங்கள். களியோடு கொஞ்சம் மணல் சேர்ந்தால் இன்னும் இறுகிப்போகும்.

கலவை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஈரப்படுத்தி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். உருண்டையாகச் சேர வேண்டும். விரலால் தட்டியதும் உதிர வேண்டும். சேராமல் உதிர்ந்தால் நார்க்கழிவு போதவில்லை. தட்டியும் உதிராமல் நின்றால் களி அதிகம்.

மண்ணின் கார அமில நிலை (pH) 6-லிருந்து 7.5-க்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் காரமானால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. உப்புத்தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதைச் சந்திப்பார்கள். தீர்வை உரப் பகுதியில் சொல்கிறேன்.

படி 3: விதையிலிருந்து நாற்று

கனகாம்பர விதையைச் சேகரிப்பது தனி அனுபவம். பூ உதிர்ந்த பிறகு கதிர் மடல்களுக்குள் காய் முற்றும். ஒவ்வொரு காயிலும் நான்கு விதைகள். காய் காய்ந்து பழுப்பானதும் தண்ணீருக்காகக் காத்திருக்கும். ஒரு துளி ஈரம் பட்டால் போதும், 'டப்' என்று வெடித்து விதையைத் தூர எறியும். காய்க்குள் இருக்கும் சிறு கொக்கிகள்தான் விதைகளைச் சுண்டிவிடுகின்றன. மழை வரும் நேரம் பார்த்து விதையை மண்ணில் சேர்க்கச் செடி கண்ட வழி இது. ஒருமுறை காய்ந்த கதிர்களைத் தட்டில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தேன். சாரல் அடித்ததும் அறை முழுக்க டப் டப் என்று சத்தம். விதைகளை அலமாரிக்கு அடியிலிருந்து பொறுக்கினேன்.

அந்தக் குணத்தையே நமக்கு வேலை செய்ய வைக்கலாம். முக்கால் பங்கு பழுப்பேறிய கதிர்களைக் காம்போடு வெட்டி இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். பிறகு ஆழமான பாத்திரத்தில் போட்டு, கை நனைத்து நாலு துளி தெளித்து, மெல்லிய துணியால் வாயைக் கட்டிவிடுங்கள். சில நிமிடங்களில் வெடிக்கத் தொடங்கும். சத்தம் அடங்கியதும் விதைகளைப் பிரித்து நிழலில் உலர்த்துங்கள். விதை தட்டையாக, மேலே செதில்போல மயிரடர்ந்து இருக்கும். புது விதைதான் நன்றாக முளைக்கும், ஆகவே ரொம்ப நாள் வைத்திருக்க வேண்டாம்.

விதைப்புக்கு மண்புழு உரமும் நார்க்கழிவும் சம அளவு கலந்து குழித்தட்டில் நிரப்புங்கள். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். விதை நனைந்ததும் மேற்புறம் வழவழப்பாகி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கிளறக்கூடாது. தண்ணீரைத் தெளிப்பானால் பனிபோலத் தெளியுங்கள். 25-லிருந்து 30 டிகிரிக்குள் வெப்பம் இருந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் முளை வரும். எல்லாம் ஒன்றாக முளைக்காது. முதல் நாற்றுக்கு நாலு இலை வந்த பிறகும் பக்கத்துக் குழியில் புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கும். ஒரு மாதம் வரை தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

விதைத்த 45-லிருந்து 60 நாளில் நாற்று இடம் மாற்றத் தயார். குழியிலிருந்து மண் உருண்டை உடையாமல் எடுக்க வேண்டும். முந்தைய நாளே தண்ணீர் விட்டு வைத்தால் உருண்டை உதிராது. வேரை உதறிச் சுத்தம் செய்து நடும் பழக்கம் சில செடிகளுக்குச் சரி, இதற்கு ஆகாது.

படி 4: தண்டுக்குச்சி

பொறுமை இல்லாதவர்களுக்கும் டெல்லி ரகத்துக்கும் இதுதான் வழி. பூக்காத கிளை நுனியிலிருந்து நாலு விரல் நீளத்தில், மூன்று கணு இருக்கும்படி வெட்டுங்கள். ரொம்ப இளசு அழுகும். ரொம்ப முற்றியது வேர்விடத் தாமதமாகும். வளைத்தால் லேசாக எதிர்க்கும் பதம் சரியானது. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, மேலே இருக்கும் இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். அடியை வேரூக்கித் தூளில் தொட்டு, ஈர மணலும் நார்க்கழிவும் கலந்த சிறு தொட்டியில் ஒரு கணு புதையும்படி நடுங்கள். மேலே வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, வெளிச்சமான நிழலில் வையுங்கள். தினம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள்.

நான்கு, ஐந்து வாரத்தில் வேர் பிடிக்கும். மெல்ல இழுத்தால் எதிர்ப்புத் தெரியும். இந்த நேரத்தில் சில குச்சிகள் கதிர் விடும். கண்ணுக்கு ஆசையாக இருக்கும், ஆனாலும் கிள்ளிவிடுங்கள். வேருக்குப் போக வேண்டிய சத்து அது.

படி 5: நடவு

தொட்டி 8 அங்குலத்திலிருந்து 10 அங்குலம். சின்ன நாற்றைப் பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கிப் புளிக்கும். சுட்ட மண் தொட்டி இதற்கு ரொம்பப் பொருத்தம், பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். நாற்று முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். தண்டின் அடியை மண் மூடினால் அங்கேயே அழுகல் தொடங்கும்.

தரையில் என்றால் மேட்டுப்பாத்தி போட்டு, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். இந்த இடைவெளி இலைகளுக்கு நடுவே காற்றோடவும் உதவும்.

படி 6: தண்ணீர்

தினம் ஒரு செம்பு என்ற கணக்கு வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழையுங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் அன்றைக்கு விடுமுறை. காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வெளியேறும்வரை தாராளமாக ஊற்றுங்கள். தொட்டியை லேசாகத் தூக்கிப் பார்த்து எடையால் கண்டுபிடிக்கும் பழக்கம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். எனக்கு விரலைவிட அதில்தான் நம்பிக்கை.

காலையில் ஊற்றுவது நல்லது. இரவில் இலை நனைந்து நின்றால் இலைப்புள்ளி வரும். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கால் மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் அடித்தட்டையே எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றிவிடலாம்.

வாடிய செடியைப் பார்த்ததும் கை செம்பைத் தேடும். முதலில் மண்ணைத் தொடுங்கள். மண் காய்ந்து செடி வாடினால் தாகம்; ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். மண் ஈரமாக இருந்து செடி வாடினால் வேர் தண்ணீரை எடுக்க முடியாமல் திணறுகிறது, ஊற்றினால் சாகும். உச்சி வெயிலில் வாடி, மாலையில் தானே நிமிர்ந்தால் பயம் இல்லை. கொஞ்சம் நிழலுக்கு நகர்த்துங்கள்.

படி 7: உரம்

நட்ட முதல் மாதம் எதுவும் வேண்டாம். பிறகு மாதம் ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். கதிர் வரத் தொடங்கியதும் தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை, ஈர மண்ணில் ஊற்றலாம். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் நுனி கருகும். யூரியாவை மட்டும் கொடுத்தால் செடி இலையாக வளரும், பூ குறையும்.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துப் போதவில்லை. நுனி இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்புக் குறைபாடு. கனகாம்பரத்தில் இது மிகச் சாதாரணம். இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, மாலையில் இலை மேல் தெளியுங்கள். 10 நாள் விட்டு இன்னொரு முறை. தெளித்தும் திரும்பத் திரும்ப வந்தால் மண் காரமாகியிருக்கும், அல்லது வேர் கெட்டிருக்கும். மழைநீர் கிடைக்கும்போது பிடித்து ஊற்றுவது நல்ல மருந்து.

படி 8: கிள்ளுதலும் கதிர் நீக்கமும்

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கணுவின் இரு பக்கமும் கிளை வரும். அவை நாலு இலை விட்டதும் மறுபடி கிள்ளுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால் ஒற்றைத் தண்டாக நிற்க வேண்டிய செடி குடைபோல அடரும். ஒவ்வொரு கிளையும் கதிர் தரும். பூ வருவது சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். விதையிலிருந்து வந்த செடி ஐந்து, ஆறு மாதத்திலும், குச்சியிலிருந்து வந்தது அதற்கு முன்னாலும் பூக்கும்.

கதிரின் கடைசிப் பூ உதிர்ந்ததும் காம்போடு, முதல் இலைக் கணு வரை வெட்டுங்கள். விட்டுவைத்தால் செடி சத்தையெல்லாம் விதைக்கு அனுப்பும், அடுத்த கதிர் தாமதமாகும். வாரம் ஒருமுறை கத்தரிக்கோலோடு ஐந்து நிமிடம் செலவிட்டால் பூ குறையாது. விதை வேண்டுமென்றால் செடிக்கு இரண்டு கதிர் மட்டும் விடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, குளிரோ கனமழையோ ஓய்ந்து வெப்பம் திரும்பும்போது மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிக் குறைத்து, மேல்மண்ணைக் கிளறி உரம் இடுங்கள்.

வேர் நோய்கள்

இங்கேதான் கனகாம்பரத் தோட்டங்கள் அழிகின்றன. இரண்டு எதிரிகள் கூட்டாக வருவார்கள். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத வேர் நூற்புழு. வேர் அழுகல் நூற்புழுவும் வேர் முடிச்சு நூற்புழுவும் இதைத் தாக்கும். செடி வளராமல் குறுகும், இலை சிறுக்கும். வேரைக் கழுவிப் பார்த்தால் பழுப்புக் காயங்களோ சிறு முடிச்சுகளோ தெரியும். இன்னொன்று ஃபுசேரியம் பூஞ்சணம். நூற்புழு போட்ட காயத்தின் வழியாக எளிதாக உள்ளே நுழையும். இலை ஓரம் இளஞ்சிவப்புப் பழுப்பாக மாறி, அது நடு நரம்பு நோக்கிப் பரவி, செடி வாடும். இந்த நிலைக்கு வந்த செடியை மீட்ட அனுபவம் எனக்கு இல்லை. மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள், கத்தரிக்கோலைக் கழுவுங்கள்.

ஆகவே செய்ய வேண்டியதெல்லாம் முன்கூட்டியே. நடுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு கிலோ மண்புழு உரத்துக்கு 10 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சணங்களை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சணம்) கலந்து, லேசாக ஈரப்படுத்தி நிழலில் வைத்து, பிறகு மண்ணில் சேருங்கள். வேப்பம் புண்ணாக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடுங்கள். தரையில் நடுகிறவர்கள் அதே இடத்தில் முதலில் ஒரு பருவம் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்க்கலாம். அதன் வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தைனைல் என்ற பொருள் நூற்புழுக்களைக் கொல்லும். கோடையில் ஈர மண்ணின் மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை நாலு முதல் ஆறு வாரம் இறுக்கிப் போர்த்தினால் வெப்பமே மண்ணைச் சுத்தம் செய்யும். ஒரு செடி வாடிச் செத்த குழியில் உடனே இன்னொரு கனகாம்பரத்தை நடவே கூடாது.

இலையில் வரும் பூச்சிகள்

இவை அவ்வளவு கவலைப்பட வேண்டியவை அல்ல. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில்பூச்சி நான்கும் வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு ஒரு மில்லி சோப்புக் கரைசல். மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்தாலே போதும். எறும்பு தண்டில் ஏறினால் மேலே ஏதோ ஒரு சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செடி வயதாகும்போது

இரண்டு, மூன்று ஆண்டு போனதும் தண்டு மரம்போல இறுகி, கதிர் சிறுத்து, பூ குறையும். கவாத்து செய்தாலும் பழைய துடிப்பு வராது. அதற்கு முன்பே, செடி நன்றாக இருக்கும்போதே, ஆண்டுக்கு நாலைந்து குச்சி வெட்டி வேர்விட வையுங்கள். தாய்ச்செடி நோயில் இருக்கும்போது எடுத்த குச்சியும் நோயோடுதான் வரும். புதுச் செடிக்குப் புது மண், கழுவி வெயிலில் காயவைத்த தொட்டி. நான் குச்சி எடுக்கும் நாளிலேயே அடுத்த தொட்டிக்கான உரத்தில் ட்ரைக்கோடெர்மாவைக் கலந்து ஓரமாக மூடி வைத்துவிடுவேன். குச்சி வேர்விடுவதற்குள் மண்ணும் தயாராகிவிடும்.